மச்சான் நடை

மாப்பிள்ளை வீட்டார் வெற்றிலை பாக்கு மாற்ற வந்து உட்கார்ந்திருக்கும்போதா இந்த மனுஷனுக்குக் கோமாளித்தனம் வர வேண்டும்!

தாம்பூலத் தட்டோடு உள்ளேயிருந்து வந்த முத்தாயம்மாளின் புருஷன் செங்கோடன், ஒரு காலை இழுத்து இழுத்து நடந்தார்.

கூடத்தில் எல்லார் கண்ணும் அவர் காலுக்குப் போயிற்று.

அது அவள் தம்பி சென்னியப்பனின் நடை. சின்ன வயதில் மாடு முட்டி அவன் கால் ஊனமானது. மச்சான் முறைக் கேலி என்று சொல்லிக்கொண்டு, கல்யாணத்துக்குக் கல்யாணம் செங்கோடன் அதை நடித்துக் காட்டுவார். பந்தலே சிரிக்கும். சென்னியப்பன் மட்டும் பந்தியில் உட்காராமல் எழுந்து போய்விடுவான். ஒரு தடவை கோபித்துக்கொண்டு வருஷக்கணக்கில் அக்கா வீட்டு வாசலையே மிதிக்கவில்லை.

இருபது வயதில் செய்தால் வேடிக்கை. தலை நரைத்த பிறகு, அதுவும் மகள் நிச்சயத்தன்றைக்குமா?

"ஏனுங்க, காலுக்கு என்னங்க?" மாப்பிள்ளையின் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

முத்தாயம்மாளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மகள் ராசாத்தியின் தாத்தா வாதத்தில் படுத்தவர் என்று கேள்விப்பட்டே போன தையில் ஒரு சம்பந்தம் தட்டிப்போயிருந்தது. மேட்டூரில் அணை கட்டும் வேலையில் இருக்கிற இந்த மாப்பிள்ளையும் கைநழுவிப் போனால்?

ஏதாவது சொல்லித் தொலையுங்களேன் என்று புருஷனைப் பார்த்தாள். செங்கோடன் தட்டோடு தூணில் சாய்ந்துகொண்டார்.

அப்போதுதான் கூடத்து மூலையில் உட்கார்ந்திருந்த சென்னியப்பன் தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தான். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தான்.

"எம்பட காலைத்தானுங்க பழிச்சுக் காட்டறாரு! எங்க மச்சானுக்கு இந்த வயசுலயும் குசும்பு போகலீங்க!" விந்தி விந்திப் போய்த் தட்டை வாங்கிக்கொண்டான். "இப்படிக் குடுங்க மச்சான். தாய்மாமன் நான் எதுக்கு இருக்கறேன்?"

மாப்பிள்ளையின் அப்பாவும் சிரித்துவிட்டார். கூடமே சிரித்தது. வெற்றிலை பாக்கு மாறியது.

அவர்கள் வண்டி தெருமுனை திரும்பியதுதான் தாமதம், முத்தாயம்மாள் பிடித்துக்கொண்டாள்.

"ஏனுங்க, உங்களுக்குப் புத்தி இருக்குதுங்களா? எந்தம்பி பெரிய மனசு பண்ணிச் சிரிச்சான். அவன் மட்டும் கோவிச்சுட்டுப் போயிருந்தா எம்புள்ள கதி என்ன?"

செங்கோடன் சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தார். கண் கலங்கியிருந்தது.

சென்னியப்பன் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்து நீவிவிட்டான்.

"மச்சானைத் திட்டாதக்கா. நெசமாலுமே இழுக்கற காலு எதுன்னு எனக்குத் தெரியாதா?"

முத்தாயம்மாள் குனிந்து புருஷன் காலைப் பார்த்தாள்.

"அவரு நடிச்சப்பெல்லாம் எனக்குச் சிரிப்பே வந்ததில்ல. இன்னிக்கு அவரு நடிக்கல. அதனாலதான் சிரிச்சேன்."