எந்தப் படம்?

விழுப்புரம் ரயிலடியில் மாலை வெயில் ஷேர் ஆட்டோவின் கம்பிகளில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இன்னும் ஓர் ஆள் ஏறினால் வண்டி கிளம்பும். பின்சீட்டின் மூலையில் அரிபிரசாத் முழங்கால்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். ப்ளூஸ் கிதாரையும் பறையையும் ஒப்பாரியையும் ஒன்றாய்க் குழைத்து அவன் தனியாகப் பாடி வெளியிடப்போகும் ஆல்பம் டிரைவர் சுதாகரின் பிளேயரில் சுழல்கிறது. பாடியது யாரென்று சொல்லாமல்தான் சிடியைக் கொடுத்தான். முன்பின் தெரியாத ஒருவர் என்ன சொல்கிறார் என்று கேட்க வேண்டும் அவனுக்கு. எதிரே மீன்காரி அஞ்சம்மாளின் மடியில் காலி அன்னக்கூடை. அதில் ஒட்டியிருக்கும் செதில்கள் மினுங்குகின்றன. பறைக்கு ஏற்றபடி அவள் விரல்கள் கூடையின் விளிம்பைத் தட்டிக்கொண்டே இருக்கின்றன. கிதார் தனியாக இழுத்து முனக, அவன் குரல் மேலே போய் உடைகிறது. விரல்கள் நின்றுவிடுகின்றன. “எந்தப் படம்பா இது?” என்கிறாள். “தெரிலக்கா, இவுருதான் குடுத்தாரு” என்று சுதாகர் கண்ணாடியில் அவனைக் காட்டுகிறான். “படம் இல்லக்கா, சும்மா பாட்டுதான்” என்கிறான் அரிபிரசாத். அஞ்சம்மாள் அவனை ஏற இறங்கப் பார்க்கிறாள். “படமே இல்லன்னா இவன் இன்னாத்துக்கு இப்டி அழுவுறான்?” கடைசி ஆள் ஓடிவந்து ஏறுகிறார். சுதாகர் சாவியில் கை வைக்கிறான். அவன் தோளை அஞ்சம்மாள் மெதுவாகத் தொடுகிறாள். “இருப்பா, இன்னா ஜல்தி? அவன் அழுது முடிக்கட்டும்.”