ஒற்றைக் கண் தூக்கம்

என் கடைக்குட்டி பிறந்த அன்று, ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டிலில் இருந்த எஸ்தரம்மா சொன்ன கதை இது.

குளத்துச் சுவரை ஒட்டி மதியத்தில் இரண்டு வாத்துகள் தூங்கும். வெளிப்பக்கம் படுக்கும் மூத்தது மட்டும் நாய்க்குப் பயந்து ஒரு கண்ணைத் திறந்தே வைத்திருக்கும்.

ஒரு நாள் எழுந்ததும் மூத்தது அலுத்துக்கொண்டது. “நாய்தான் வரலையே! நீயும் கூடத்தானே தூங்கினே, அப்புறம் என்னக்கா சலிப்பு?” என்றது இளையது.

மூத்ததற்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “பாதி வெந்ததைச் சோறுன்னு சொல்லுவியாடி? கனவுல நீந்தப் போனா, திறந்திருக்கிற கண்ணு அங்கேயும் ஒரு நாயைக் கூட்டிட்டு வருது. கடவுள் எனக்கும் ரெண்டு கண்ணுக்கும்தானே இமை வச்சாரு!”

“சரி, இன்னிக்கு நான் காவல்” என்று இளையது இடம் மாறிப் படுத்தது.

மூத்தது இரண்டு கண்ணையும் மூடியது. உடனே பக்கத்தில் குறட்டை கேட்டது. ஒரு கண்ணைத் திறந்து பார்த்தது. காவல்காரி இரண்டையும் இறுக மூடியிருந்தாள்.

நான் கொஞ்சம் படுக்கிறேன், மகளே. வாசல் மணி அடித்தால் நீயே போய்த் திற.