காரில் இரண்டு கீறல்

டொரோண்டோவுக்கு வடக்கே, ஒரு பண்ணை மாளிகையில் மயில்களைப் பராமரிப்பவர் நிஸ்தார். குஞ்சிலிருந்து வளர்த்த ஆண்மயிலை அன்று அவரே கூண்டில் ஏற்ற வேண்டியிருந்தது.

“காருல தன் உருவத்தைப் பாத்து ரெண்டு பக்கக் கதவையும் கொத்திடுச்சாம். வித்தே ஆகணும்னு சங்கர் நிக்கிறார், அண்ணா” என்றாள் சங்கரின் மனைவி, மாளிகை எஜமானி அனுபமா.

வேலை போனால் போகட்டும் என்று நிஸ்தார் வாயைத் திறந்தார்.

“மேடம், இடப்பக்கம் கீறினது நான். புல்லு வெட்டுற மெஷின் பட்டுட்டு. பயத்துல சொல்லாம இருந்துட்டன்.”

அனுபமா நீளமாக மூச்சு விட்டாள்.

“அப்பாடா! வலப்பக்கம் நான். வெக்ஸ்போர்ட் கடைக்குப் போனப்ப பார்க்கிங் தூண்ல உரசிட்டு, பழியை மயில் மேல போட்டேன். இடப்பக்கம் எப்படின்னுதான் இதுவரைக்கும் புரியல. வாங்க, சங்கர்கிட்ட ரெண்டு பேருமே சொல்லிடலாம்.”

நிஸ்தார் கூண்டைத் திறந்தார். மயில் காரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் நடந்தது.