அறுபதாயிரம் வந்ததும்

"மாசம் அறுபதாயிரம் வாடகை வந்துட்டா, மறுநாளே ஊருக்கு வந்துடுறேம்மா."

சவூதியில், தம்மாமில் வேலை பார்க்கும் முஜிபுர் இப்படிச் சொல்லி நான்கு வருஷம் ஆகிவிட்டது.

அவன் அனுப்பிய பணத்தில் அம்மா கமருன்னிசா உறையூரில் இரண்டு வீடும் ஒரு கடையும் வாங்கி வாடகைக்கு விட்டாள். வரி, ரிப்பேர் எல்லாம் போகக் கையில் நின்றது நாற்பத்திரண்டாயிரம். குறைகிற பதினெட்டாயிரத்துக்காகப் பாலக்கரை வீட்டையும் புரோக்கரிடம் சொல்லி வைத்தாள். பேங்க் அதிகாரி ஒருவர் குடும்பத்தோடு வந்து பார்த்தார். பேரம் பேசாமல் ஒத்துக்கொண்டார்.

"மூணு வருஷத்துக்கு எழுதிடலாமாங்க?" என்றார் புரோக்கர்.

"பதினோரு மாசம் போதுங்க. அதுக்குள்ள மகன் வந்துடுவான்."

சாவியைக் கொடுத்த மறுநாள், ஜும்ஆ தொழுகை முடிந்திருக்கும் என்று பார்த்து மகனுக்குப் போன் செய்தாள்.

"அறுபது ஆயிடுச்சுப்பா. எப்ப வர்றே?"



"சந்தோஷம்மா. ஆனா இப்ப இருக்கிற விலைவாசிக்கு அறுபது எங்கே காணும்? எண்பதாக்கிடுவோம். இன்னும் ரெண்டே வருஷம், இன்ஷா அல்லாஹ்."

"சரிப்பா."

"தனியா இருக்கீங்க. வாசக்கதவை நல்லாத் தாழ் போட்டுக்கங்க."

"போட்டுக்கிறேன்" என்றாள்.

பாலக்கரை வீடு அவனைப் பெற்று வளர்த்த வீடு. முந்தாநாள் வரை அவள் குடியிருந்த வீடு.

போனை வைத்துவிட்டு, லேடீஸ் ஹாஸ்டலில் தனக்குக் கொடுத்திருந்த கட்டிலில் உட்கார்ந்தாள். மற்ற ஐந்து கட்டில்காரிகளும் வேலைக்குப் போயிருந்தார்கள்.