ஒரு செடி மட்டும் இருக்கட்டும்

முதுகில் மருந்து டேங்க், முழங்கை வரை ரப்பர் உறை, சட்டைப் பையில் ‘தோட்ட டாக்டர்’ என்று அச்சடித்த கார்டு. செய்வது களை பிடுங்குகிற வேலைதான். ஆனால் யாராவது அப்படிச் சொல்லிவிட்டால் அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும்.

அன்று அவரைக் கூப்பிட்டிருந்தது ரிட்டையர்டு ஹெட்மாஸ்டர் வீட்டு அம்மா. மழைக்குப் பிறகு கொல்லைப்புறச் சுவரோரம் புதர் மண்டிக் கிடந்தது.

“இது பார்த்தீனியம். தொட்டா அரிப்பு, மூச்சுல போனா இழுப்பு. அது எருக்கு, பால் தெறிச்சா கண்ணு போயிடும். அதோ, வெள்ளைப் பூவும் முள்ளுக் காயுமா நிக்குதே, இவங்களுக்கெல்லாம் தலைவர். ஊமத்தை.” தோட்ட டாக்டர் வகுப்பு எடுக்க ஆரம்பித்தார். “காய் வெடிக்கிறதுக்குள்ள வேரோட பிடுங்கணும். விட்டா அடுத்த மழைக்கு நூறா முளைக்கும். எரிக்கவும் கூடாது, புகை ஆகாது. சாக்குல கட்டி ஆழமாப் புதைக்கணும்.”

ஜன்னலுக்குள்ளிருந்து ஹெட்மாஸ்டர் சிரித்தார்.

“யாருக்கய்யா பாடம் எடுக்கறீங்க? அவளுக்குக் கீரைக்கும் களைக்குமே வித்தியாசம் தெரியாது. நேத்து செருப்பைக் கொண்டு போய் ஃப்ரிட்ஜில வெச்சா. மரை கழண்டு மாசம் மூணாச்சு.”

அந்த அம்மா காய்ந்த உதட்டை நாக்கால் நனைத்துக்கொண்டு, சுவரைப் பிடித்தபடி இன்னும் கொஞ்சம் கிட்டே வந்தார். ஜன்னல் சாத்தப்படும் வரை காத்திருந்தார்.

“இதை யாருக்காவது குடுத்தா ஆள் போயிடுவாங்களா?”

தோட்ட டாக்டரின் கை அப்படியே நின்றது. “எதுக்கும்மா கேக்கறீங்க?”

“சும்மாதான். காபியில கலந்தா கசப்பு தெரியுமா?”

“அது... அதெல்லாம் நமக்கெதுக்கும்மா?”

“டெஸ்ட் பண்ணினா கண்டுபிடிச்சுடுவாங்களா? நிச்சயமா?”

“நிச்சயமா கண்டுபிடிச்சுடுவாங்க” என்றார் அவர் அழுத்தமாக. அப்படியாவது அந்த அம்மா பயப்படட்டும் என்று.

பயந்ததாகத் தெரியவில்லை. திருப்தியாகத் தலையாட்டினார்.

அப்போதுதான் தோட்ட டாக்டர் கவனித்தார். ஊமத்தைச் செடியில் பாதிக் காய்களைக் காணோம். வெடித்து விழவில்லை, காம்போடு கத்தரித்து எடுக்கப்பட்டிருந்தன.

“மத்ததையெல்லாம் பிடுங்கிடுங்க. அந்த ஒரு செடி மட்டும் இருக்கட்டும்” என்றார் அம்மா, சாதாரணமாக.

தோட்ட டாக்டர் கூலியைக்கூடக் கேட்கவில்லை. நேராகப் போலீஸ் ஸ்டேஷனில் போய் நின்றார்.

“எங்க சாருக்கா?” இன்ஸ்பெக்டர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். “எனக்குக் கணக்கு சொல்லிக் குடுத்த மனுஷன்யா அவர்! கட்டினவளே எமனா வருவாளா? வண்டியை எடுங்க!”

ஜீப் போய்ச் சேர்ந்தபோது மணி நாலு. சாப்பாட்டு மேஜையில் ஆவி பறக்க இரண்டு கப் காபி. ஹெட்மாஸ்டர் தன் கப்பை வாயருகே கொண்டுபோயிருந்தார். இன்ஸ்பெக்டர் பாய்ந்து பிடுங்கிய வேகத்தில் பாதி காபி மேஜையில் கொட்டியது.

விஷயத்தைக் கேட்டதும் ஹெட்மாஸ்டருக்குக் கண் கலங்கியது. “பாம்புக்குப் பால் வார்த்திருக்கேன்! போகட்டும்பா. அவளை ஜெயிலுக்கெல்லாம் அனுப்பாதே. புத்தி சரியில்லாதவ. ஒரு மனநல விடுதியில விட்டாப் போதும். அதுக்குப் பேப்பரெல்லாம் தயாரா வெச்சிருக்கேன்.”

என்ன பெருந்தன்மை! தோட்ட டாக்டர் வாசலில் நின்று மூக்கை உறிஞ்சினார். அந்த அம்மா மட்டும் கையைக் கட்டிக்கொண்டு அமர்ந்திருந்தார்.

கான்ஸ்டபிள் கப்புகள், சர்க்கரை டப்பா, காபித் தூள் எல்லாவற்றையும் சீல் வைக்க ஆரம்பித்தார்.

“என் கப்பை எடுத்தாப் போதாதா? அவ கப்பு எதுக்கு? குடு, கழுவிப் போடறேன்” என்றார் ஹெட்மாஸ்டர்.

“சட்டம் சார். எல்லாத்தையும் எடுக்கணும்” என்றார் இன்ஸ்பெக்டர் பணிவாக.

பத்து நாள் கழித்து ரிப்போர்ட் வந்தது. ஹெட்மாஸ்டரின் கப்பில் இருந்தது நல்ல காபி. அம்மாவின் கப்பில், மூன்று மாதமாகத் தினமும் நாலு மணிக்கு ஹெட்மாஸ்டர் தன் கையாலேயே கலந்து கொடுத்துவந்த காபியில், ஊமத்தை.

கொல்லுகிற அளவு இல்லை. தலை சுற்றவும் நாக்கு வறளவும் செருப்பை ஃப்ரிட்ஜில் வைக்கவும் போதுமான அளவு. வீடு அம்மாவின் பெயரில் இருந்தது. விற்க மாட்டேன் என்று அவர் சொல்லிவிட்டார். பைத்தியம் என்று முத்திரை குத்திவிட்டால் அவருடைய கையெழுத்துத் தேவைப்படாது என்பது ஹெட்மாஸ்டர் போட்ட கணக்கு.

அவரை ஜீப்பில் ஏற்றிவிட்டு, இன்ஸ்பெக்டர் அந்த அம்மாவின் எதிரே தொப்பியும் கையுமாக நின்றார்.

“ஏம்மா, சந்தேகம் இருந்தா நேரா ஸ்டேஷனுக்கு வந்து எங்ககிட்டயே சொல்லியிருக்கலாமே?”

அந்த அம்மா அவரை மேலும் கீழும் பார்த்தார்.

“அவர் எனக்கு விஷம் வெக்கறார்னு மூணு தடவை வந்து சொன்னேன் தம்பி, ‘குடும்பச் சண்டையை வீட்டிலேயே பேசித் தீர்த்துக்கோங்க’ன்னு தலையைக்கூட நிமிர்த்தாம அனுப்பிட்டீங்க, நான் அவருக்கு வெக்கப் போறேன்னு ஒரே ஒரு தடவை ஒரு ஆம்பளையை விட்டுச் சொல்லவெச்சேன், ஜீப்போட ஓடி வந்துட்டீங்க!”