பெட்டிச்சாமி

ஒரு ஸ்க்ரூடிரைவரையும் நாலு திருகாணியையும் வைத்துக்கொண்டு, பத்தே நிமிடத்தில் ஒரு கடவுளைச் செய்தவன் உலகத்திலேயே நான் ஒருவன்தான்.

அப்போது நான் பெரிய ஆஸ்பத்திரியில் எலக்ட்ரீஷியன். தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில், சுவரில் ஓர் ஓட்டை. அதை மறைக்க ஒரு காலி இரும்புப் பெட்டியை மாட்டினேன். என் ஏணியைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண் அழுதுகொண்டிருந்தாள். நகர்ந்தால் போதும் என்று, "இதைத் தொட்டுக் கும்பிட்டுட்டுப் போம்மா, உன் புருஷன் பிழைச்சுக்குவான்" என்றேன்.

பிழைத்துத் தொலைத்தான்!

ஒரே மாதத்தில் பெட்டிச்சாமிக்கான வரிசை மாடிப்படி இறங்கி, கேன்டீனைச் சுற்றி, பிணவறை வரை நீண்டது. பெரிய டாக்டரே அதைத் தொடாமல் கத்தியைத் தொடமாட்டார்.

ரிட்டயரான பிறகு நான் இதைச் சொல்லாத ஆள் பாக்கியில்லை. எல்லாரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். நம்பாதவள் என் மனைவி ஒருத்திதான்.

"சாமியை இவரு செஞ்சாராம்! வீட்டுல ஒரு ட்யூப்லைட் மாட்ட ஆறு மாசம் ஆக்கினவரு."

போன வாரம் நாங்களும் அதே வாசலில் நின்றோம். உள்ளே எங்கள் ஒரே மகள். மூன்று நாள் என் மனைவி பெட்டியிலிருந்து கையை எடுக்கவேயில்லை. நான்காம் நாள் காலை டாக்டர் வெளியே வந்து, எங்களைப் பார்க்காமல் தலை குனிந்துகொண்டார்.

அவள் கை மெல்ல இறங்கியது.

"அதெல்லாம் நான் சும்மா அளந்து விட்டதுடி," என்றேன் அவசரமாக. "இது நான் மாட்டினதே இல்ல. நிஜமாவே சாமிதான்."

அவள் பெட்டியை விரலால் ஒரு தட்டுத் தட்டினாள். டங்கென்றது.

"இல்லைங்க," என்றாள். "நீங்க மாட்டினதுதான்."