நாலே முக்கால்

கம்ப்யூட்டருக்குள் மின்விசிறி சுற்றியது. திரை மட்டும் கறுப்பாகவே இருந்தது.

அவர் மறுபடியும் பொத்தானை அழுத்தினார்.

கறுப்பு.

கூடத்துத் தரையில் செய்தித்தாளை விரித்து, கம்ப்யூட்டரின் பக்கத் தகட்டைக் கழற்றி வைத்திருந்தார். உள்ளே மதர்போர்டு முழுக்கத் தூசி. நேற்று மழையில் கரண்ட் போய்ப் போய் வந்ததிலிருந்து இப்படித்தான்.

மனைவி சற்றுத் தள்ளி உட்கார்ந்து கொத்தவரங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கடையில் கொடுத்துவிடலாமே என்று சொல்லிப் பார்த்தாள். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆயுசெல்லாம் ஒயரோடு மாரடித்துவிட்டு ஓய்வு பெற்றவரிடம் அதைச் சொல்லியிருக்கக் கூடாது.

ராம் என்னும் நினைவகப் பட்டையைப் பிடுங்கினார். பென்சில் ரப்பரால் அதன் தங்கநிறப் பற்களைத் தேய்த்தார். ஊதினார். 'டக்'கென்று சத்தம் வரும்வரை அழுத்திச் செருகினார்.

கறுப்பு.

உண்மையைச் சொன்னால், இந்த வீட்டில் அந்தக் கம்ப்யூட்டரால் யாருக்கும் ஒரு வேலையும் இல்லை. கரண்ட் பில்கூட போனிலேயே கட்டியாகிறது.

ஆனால் விடியற்காலையில் அது தானாக எழுந்துகொள்ளும். மகள் பிளஸ் டூ படித்தபோது அப்படி ஏற்பாடு செய்து வைத்தாள். நாலே முக்காலுக்கு மின்விசிறி உறுமும். திரை வெளிச்சமாகும். ஸ்பீக்கர் ஒரு தடவை இசைக்கும். மகள் எழுந்து படிப்பாள். அம்மா எழுந்து காபி போடுவாள்.

படித்தாள். வேலைக்குப் போனாள். ஒருவரைக் கூட்டிக்கொண்டு வந்து, இவரைத்தான் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்றாள். வேறு சாதி.

இனி இந்த வாசப்படியை மிதிக்காதே என்றார் அவர்.

சொன்ன பேச்சை ஒருநாளும் கேட்காதவள், அதை மட்டும் கேட்டுவிட்டாள்.

கம்ப்யூட்டர் மட்டும் தினமும் எழுந்தது.

அவரும் தினமும் முணுமுணுத்துக்கொண்டே போய் அதை அணைப்பார். ராத்திரியே சுவரில் இருக்கும் சுவிட்சைத் தட்டிவிட்டால் தொல்லை விட்டது. ஒருமுறை தட்டினார். மனைவி இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. அதற்குப் பிறகு அந்த சுவிட்ச் பக்கமே அவர் போகவில்லை.

இன்று காலை அது எழவில்லை. மனைவி இருட்டில் கண்ணைத் திறந்துகொண்டு படுத்திருந்தாள். அவரும்தான். ஒருவர் விழித்திருப்பது மற்றவருக்குத் தெரிந்தது. இருவருமே எழுந்திருக்கவில்லை.

கேபிளை மாற்றிப் பார்த்தார்.

கறுப்பு.

மதர்போர்டின் மூலையில் நாணயம் போல வட்டமாக ஒரு பேட்டரி இருந்தது. அதைக் கழற்றிக் கொஞ்ச நேரம் கழித்துப் போட்டால் செத்த போர்டுகூடப் பிழைக்கும் என்பார்கள். ஸ்க்ரூடிரைவர் நுனியால் நெம்பினார். துள்ளி உள்ளங்கையில் விழுந்தது. வேட்டியில் துடைத்தார். காத்திருந்தார். திரும்பப் பொருத்தினார்.

பொத்தானை அழுத்தினார்.

'பீப்' என்றது.

திரை வெளுத்தது.

பார்த்தாயா என்று அவர் வாயால் கேட்கவில்லை. மீசை கேட்டது. மனைவி கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். அவரைப் பார்த்து அவள் அப்படிச் சிரித்து எவ்வளவோ நாளாகியிருந்தது.

திரையில் ஆங்கிலத்தில் ஒரு வரி. பழைய அமைப்புகள் அழிந்துவிட்டன, தேதியையும் நேரத்தையும் புதிதாகப் போடவும்.

தேதியைப் போட்டார். நேரத்தைப் போட்டார். கீழே என்னென்னவோ வரிகள். ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே இறங்கியவர் ஓரிடத்தில் நின்றார்.

குறித்த நேரத்தில் தானாக இயங்கட்டுமா? எதிரே, வேண்டாம் என்று இருந்தது. மணி, பூஜ்யம். நிமிடம், பூஜ்யம்.

மகள் வைத்த நேரம் இங்கேதான் இருந்திருக்கிறது.

எதைக் கழற்றினாலும் அந்தப் பேட்டரியை மட்டும் தொட்டுவிடாதீர்கள் அப்பா என்று அவள் ஒருமுறை சொன்னாள். இதே தரையில் குந்தியிருந்துதான் சொன்னாள். எனக்கே சொல்லித்தர வந்துவிட்டாயா என்று அவர் சத்தம் போட்டார். ஏன் தொடக்கூடாது என்று கேட்டிருக்கலாம். ஏன் என்று அவளிடம் அவர் எதையுமே கேட்டதில்லை.

அவள் வைத்துவிட்டுப் போனதில் இந்த வீட்டில் இன்னும் நடந்துகொண்டிருந்தது அது ஒன்றுதான். அதையும் தன் கையாலேயே பிடுங்கியாகிவிட்டது.

நாளைக்குக் காலையில் எழுந்துகொள்ளும்தானே என்று மனைவி கேட்டாள்.

அது அழிந்துபோய்விட்டது என்றார். திரும்பிப் பார்க்காமல் சொன்னார். அதனால் என்ன, நேரத்தைப் போட்டால் மறுபடி எழுந்துகொள்ளும் என்று அவசரமாகச் சேர்த்துக்கொண்டார்.

அவள் கத்தியைக் கையில் எடுத்தாள்.

"எத்தனை மணிக்குன்னு சங்கரிகிட்டயே கேளுங்க."

அந்தப் பெயர் இந்தக் கூடத்தில் காதில் விழுந்து வருஷக்கணக்காகிறது.

எத்தனை மணி என்று அவருக்குத் தெரியும். அவருக்குத் தெரியும் என்று மனைவிக்கும் தெரியும்.

விரல் நாலு என்ற எண்ணின் மேல் போய் நின்றது. அழுத்தவில்லை.

சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார். பெயர்களை மேலே தள்ளினார், கீழே தள்ளினார். கேஸ்காரர் இருந்தார். பிளம்பர் இருந்தார். அவள் இல்லை. அழித்ததும் அவரேதான்.

"நம்பரைச் சொல்லு" என்றார்.

கொத்தவரங்காயிலிருந்து கண்ணை எடுக்காமல், ஓரிடத்திலும் தடுக்காமல், பத்து எண்களையும் அவள் சொன்னாள்.